காசு பூச்சில்தான் இருக்கிறது

ஜார்ஜ் டவுன் டத்தோ கிராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் முன்பு வெள்ளீய உருக்காலை இருந்தது. 1897இல் லீ சின் ஹோ தொடங்கியது; 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி ஆனது. ஈய மணலை உருக்கி, கட்டிகளாக வார்த்து, கப்பலேற்றினார்கள். அந்த ஈயத்தை இரும்புத் தகட்டில் மெல்லிசாகப் பூசி டப்பாத் தகரமாக்கும் தொழிலோ வேல்ஸிலும் அமெரிக்காவிலும் கொழித்தது.

பேட்டரியிலும் இதே கதை நடக்கப் பார்க்கிறது.

லித்தியம் பேட்டரியின் ஆனோடில் இப்போது பெரும்பாலும் இருப்பது கிராஃபைட். ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி தாங்கும். சிலிக்கான் ஏறத்தாழ 3,600 தாங்கும். அப்படியிருந்தும் எல்லாரும் மாறாததற்குக் காரணம், லித்தியத்தை விழுங்கும்போது சிலிக்கான் மூன்று, நான்கு மடங்கு ஊதுகிறது, விடும்போது சுருங்குகிறது. துகள் விரிசல் விடுகிறது. விரிசலில் தெரியும் புது முகத்தில் மின்பகு திரவம் பட்டுப் படலம் கட்டுகிறது. அந்தப் படலம் லித்தியத்தைத் தின்கிறது. சார்ஜ் ஏற ஏற இதே சேதம். (ஈயத்துக்கும் இந்த வியாதி உண்டு. ஆனாலும் 2005இல் சோனி அதைக் கோபால்ட்டோடும் கரியோடும் சேர்த்து நெக்ஸேலியன் என்ற பேட்டரியை விற்றது.)

மருந்து, பூச்சு. புளி பட்டுக் களிம்பேறாமலிருக்கப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய வீடுகளுக்கு யோசனை புதிதல்ல. ஆனால் இந்தப் பூச்சு லித்தியத்தை உள்ளே விட வேண்டும், திரவத்தைத் தடுக்க வேண்டும், துகள் ஊதினால் கிழியவும் கூடாது. தடித்துவிட்டால் லித்தியம் நகரத் திணறும். 2012இல் ஸ்டான்ஃபர்டில் யி சுய் குழு கரிக்கூட்டுக்குள் சிலிக்கான் துகளை வைத்து, ஊதுவதற்கென்றே வெற்றிடம் விட்டது. நுண்துளைக் கரிக்குள் சிலேன் வாயுவைச் செலுத்திச் சிலிக்கானைப் படியவைப்பது இன்னொரு வழி. சிலிக்கான்-கரி பேட்டரியோடு 2023இல் சீனாவில் விற்ற ஹானர் மேஜிக்5 புரோ கைப்பேசியில் 5,450 மில்லிஆம்பியர்-மணி இருந்தது. வெளிநாட்டுப் பதிப்பில் 5,100தான்.

மலேசியாவில் சிரம்பானில் சாம்சங் எஸ்டிஐ, குலிமில் ஈவ் எனர்ஜி என்று பேட்டரி செல் ஆலைகள் வந்திருப்பது நல்லதே. ஆனால் பூசிய தூள் வெளியிலிருந்து வந்து, இங்கே சுருட்டி அடைப்பது மட்டும் நடந்தால் பெரிய லாபம் தூள்காரருக்குத்தான். நம்மிடம் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. சரவாக்கின் சமலாஜுவில் ஓசிஐ பாலிசிலிக்கான் தயாரிக்கிறது. கெடா வயல்களின் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 1972 முதல் பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் தூசில்லா அறையும் தரச்சோதனையும் பழகிய கைகள் இருக்கின்றன.

இனி வரிச்சலுகையை முதலீட்டுத் தொகையைப் பார்த்துக் கொடுக்காமல், எந்த வேலை இங்கே நடக்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் சரியாக வரும் பூச்சு, கிலோ கணக்கில் செய்யும்போது துகளுக்குத் துகள் மாறிப்போகும். அதைச் சோதித்துப் பார்க்க மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஆலைகளும் சேர்ந்து நடத்தும் சிறிய முன்னோடி ஆலை ஒன்று பினாங்கில் தேவை. மாநில அரசு நிலமும் மின்சாரமும் கொடுத்தாலே போதும், தொடங்கிவிடலாம்.