பாசியில் மருந்து இருக்கலாம், பெயரில் இல்லை

நோன்பு காலத்தில் இஃப்தாருக்குக் கடற்பாசி காய்ச்சாத வீடு நம்மிடையே குறைவு. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவிக்குப் பொகொனேற்றம் என்ற பாசி பாடமாக வருகிறது. மழைக்காலத்தில் கிணற்றடியில் காலை வழுக்குவதும் பாசிதான். இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால், முகம் பொலிவு பெறவும் முடி அடர்த்தியாக வளரவும் என்று 'பாசிக் களிம்பு', 'பாசிக் கூழ்' விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல். அந்தக் குழப்பத்தில்தான் வியாபாரி இலாபம் பார்க்கிறார். பாசிகளுக்கு மருத்துவப் பெறுமதி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெறுமதியை நமக்குப் பெற்றுத் தரக்கூடியது பொறுமையான ஆய்வு மட்டுமே. விளம்பரத்தை நம்பி வாங்குவதாலோ, மரத்திலும் பாறையிலும் இருப்பதைச் சுரண்டி முகத்தில் பூசுவதாலோ அது கிடைக்காது.

முதலில் பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம். நாம் காய்ச்சிக் குடிக்கும் கடற்பாசி ஒரு அல்கா. கடைகளில் பெரிதாகப் பேசப்படும் 'ஐரிஷ் பாசி'யும் கடலில் வளரும் சிவப்பு அல்காவே. 'ஐஸ்லாந்துப் பாசி' என்பது இலைக்கன், அதாவது பங்கசும் அல்காவும் ஒன்றுசேர்ந்து வாழும் உயிர். வாசனைத் திரவியங்களில் சேர்க்கப்படும் 'ஓக் பாசி'யும் இலைக்கன்தான். அதிலுள்ள இரண்டு பொருட்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றை அழகுசாதனங்களில் தடை செய்ய முடிவெடுத்தது. ஆக, பாசி என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் பாசியே கிடையாது. உண்மையான பாசிகள், பூவும் விதையும் மெய்யான வேரும் இல்லாத சிறு தாவரங்கள். ஈரலுருத் தாவரங்களோடு சேர்த்து பிரயோபைற்றா என்று நாம் படிப்பவை இவைதான்.

இந்தச் சிறு தாவரங்கள் செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உடைக்கும் வெடிமருந்துக்கும் பஞ்சு தேவைப்பட்டதால் காயம் கட்டப் போதவில்லை. அப்போது ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் பெண்களும் சிறுவர்களும் சதுப்பு நிலங்களில் இறங்கி ஸ்பக்னம் என்ற பாசியைச் சேகரித்தார்கள். அதைச் சுத்தம் செய்து, உலர்த்தி, மெல்லிய துணிப் பைகளில் தைத்து வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார்கள். 1918ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவிலிருந்து மாதமொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் பாசிக் கட்டுகள் சென்றன.

அது வெறும் கைவைத்தியமாக இருக்கவில்லை. ஸ்பக்னத்தின் இலையில் உள்ளீடற்ற பெரிய இறந்த கலங்கள் நிறைய உள்ளன. அவற்றின் உதவியால் அது தன் உலர் நிறையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு திரவத்தை உறிஞ்சும். பஞ்சு அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மேலும் அதன் கலச்சுவர் சுற்றுப்புறத்தை அமிலத்தன்மையாக்குவதால் பற்றீரியாக்கள் பெருகுவது கடினம். எடின்பரோவில் ஒரு தாவரவியலாளரும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் இந்தக் குணங்களை எடுத்துக் காட்டிய பிறகே பாசிக் கட்டு இவ்வளவு பரவலானது.

இன்றைய கதை இன்னும் வியப்பானது. ஜேர்மனியின் ஃபிரைபர்க் நகரில் விஞ்ஞானிகள் பிஸ்கோமித்ரெல்லா என்ற சிறு பாசியைக் கண்ணாடிக் கலன்களில், நீரும் ஒளியும் சில கனியுப்புகளும் கொடுத்து வளர்க்கிறார்கள். இந்தப் பாசியில் நாம் விரும்பும் பரம்பரையலகைக் குறித்த இடத்திலேயே மாற்ற முடிவது இதன் சிறப்பு. 2008இல் அதன் முழுப் பரம்பரையலகுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. ஃபாப்ரி என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களின் உடலில் ஒரு நொதியம் குறைவாக இருக்கும். அந்த மனித நொதியத்தைப் பாசியைக் கொண்டு உற்பத்தி செய்து, சில நோயாளிகளிடம் முதற்கட்டப் பரிசோதனையும் நடத்திவிட்டார்கள். இதற்காக எந்த மலையிலும் ஒரு பிடி பாசிகூடப் பிடுங்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அழகுசாதன நிறுவனங்களும் இதே வழியில் ஆய்வுகூடத்தில் வளர்த்த பாசிக் கலங்களின் சாற்றைக் களிம்பில் சேர்க்கின்றன. காய்ந்து சருகாகக் கிடந்த பாசி சிறிது நீர் பட்டதும் பச்சை பிடிக்கும். 'அதுபோல உங்கள் சருமமும்' என்பது அவர்களின் விளம்பரம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஒரு தாவரம் வரட்சியைத் தாங்குகிறது என்பதால் அதைப் பூசிய தோலும் தாங்கும் என்று ஆகாது. பழைய ஐரோப்பாவில் ஈரலின் வடிவத்தில் இருந்த தாவரத்தை ஈரல் நோய்க்குக் கொடுத்தார்கள். உறையில் உரோமம் உள்ள பாசியை முடி வளரப் பயன்படுத்தினார்கள். உருவத்தைப் பார்த்து மருந்து சொன்ன அந்தப் பழக்கத்துக்கும் இன்றைய விளம்பரத்துக்கும் பெரிய தூரமில்லை.

'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்று சொல்வோரும் உண்டு. ஃபிருலானியா என்ற ஈரலுருத் தாவரம் மரம் வெட்டுவோரின் கைகளில் கடுமையான தோல் அழற்சியை உண்டாக்குவது வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயம். 1988இல் அமெரிக்காவில், மரக்கன்றுகளைப் பொதிசெய்யப் பயன்படுத்திய ஸ்பக்னத்தில் இருந்த ஒரு பங்கசு, கையாண்டவர்களில் 84 பேருக்குத் தோல் நோயைக் கொடுத்தது. ஈரச் சுவரில் சுரண்டிய பாசியை அரைத்து முகத்தில் பூச நினைக்கும் தங்கை இதை அறிந்திருக்க வேண்டும்.

நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் 500க்கும் மேற்பட்ட பாசி இனங்கள் பதிவாகியுள்ளன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் சேகரித்த இலங்கைப் பாசிகள் பற்றி, அவரும் மிட்டன் என்ற ஆங்கிலேயரும் 1873இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பின் 150 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் இந்த இனங்களில் எத்தனைக்குத் தமிழில் ஒரு பெயராவது வைத்திருக்கிறோம்? எமது பாடநூல் ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறது.

அறியாமைக்கு விலை உண்டு. நம் நாட்டு வைத்தியர்கள் நீரிழிவுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவந்த கொத்தல ஹிம்புட்டுவை வைத்து வெளிநாட்டு நிறுவனங்கள் ஆக்கவுரிமை பெற்றதை நாம் கண்டோம். பாசிக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதற்குமுன் பாசியே இல்லாமற்போகவும் கூடும். ஹோட்டன் சமவெளியின் முகில் காடுகளில் மரங்களைப் போர்த்தியிருக்கும் பாசி, மூடுபனியின் ஈரத்தைப் பிடித்துக் கொள்கிறது. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் அங்கிருந்தும் வருகிறது. தேசியப் பூங்காவில் எந்தத் தாவரத்தையும் எடுப்பது சட்டவிரோதம். ஆனாலும் 'அழகாக இருக்கிறதே' என்று சுற்றுலாவில் ஒரு பிடி பறித்துப் பையில் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு.

ஆகவே சகோதரிகளே, மூன்று வேண்டுகோள்கள். பாசி என்று எழுதிய எதையும் வாங்குமுன், உள்ளே இருப்பது அல்காவா, இலைக்கனா, பாசியா என்று பொதியில் தேடிப் பாருங்கள். தெளிவாக எழுதப்படவில்லையென்றால் வாங்காதீர்கள். மலைநாட்டுக்குச் சென்றால் பாசியைப் படம் எடுங்கள், பறிக்காதீர்கள். மூன்றாவது வேண்டுகோள் உயர்தர உயிரியல் மாணவிகளுக்கு. நமது கல்லூரி மதிலிலும் மாமரத்திலும் தண்ணீர்த் தாங்கியின் அடியிலும் எத்தனை வகைப் பாசி வளர்கிறது என்று ஒரு கைவில்லையோடு எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் வரைந்து, அதற்கு ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த ஆண்டு இதழில் நான் வாசிக்க விரும்புகிறேன்.