தலித் தலைவர் வரும்போது மூடப்படும் பட்டியல்

2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகிய இருவரின் சிலையும் படமும் மட்டுமே இருக்கலாம், வேறு எவருடைய படமும் கூடாது என்றது அது. ஆலந்தூர் நீதிமன்றத்தில் இருந்த அம்பேத்கர் படத்தை எடுக்கச் சொல்லி வழக்கறிஞர் சங்கத்தை வலியுறுத்துமாறு மாவட்ட நீதிபதிக்கு அறிவுறுத்தல் போனது. பூந்தமல்லி, அம்பத்தூர் நீதிமன்றங்களுக்கும் இதே விதிதான். சொல்லப்பட்ட காரணம், தேசியத் தலைவர்களின் சிலைகள் சேதப்படுத்தப்பட்டு ஆங்காங்கே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வருகிறது என்பது.

வழக்கறிஞர்கள் போராடினார்கள். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார். எந்தத் தலைவரின் படமும் அகற்றப்படாது என்ற அறிவிப்பு வந்தது. படம் தப்பித்தது. ஆனால் படத்தை இறக்கச் சொன்ன தர்க்கம் எங்கும் போய்விடவில்லை.

அந்தத் தர்க்கம் என்ன சொல்கிறது? உடைப்பவன் ஒருவன், வெளியேற வேண்டியவர் உடைபட்டவர். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அண்ணல் சிலையை ஊரே பார்க்க உடைத்தார்கள். தமிழ்நாடெங்கும் எத்தனை அம்பேத்கர் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். குற்றவாளி வெளியே உலவ, அரசமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்தியவர் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். இதற்குப் பெயர் பாதுகாப்பு!

இந்த வித்தை புதிதல்ல. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியாக இருந்து வெள்ளையரை எதிர்த்து மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. ஆதிக்கச் சாதியினர் கொதித்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் நீக்கியது. சென்னையின் வடபகுதிக்கென்று 1994இல் தொடங்கப்பட்ட டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகமும் அதில் பெயரிழந்தது.

அதுவரை எத்தனையோ தலைவர்களின் பெயர்களைத் தாங்கிப் பேருந்துகள் ஓடின. யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு தேவேந்திரரின் பெயர் சேர்ந்ததும் 'தலைவர்களின் பெயரே வேண்டாம்' என்பது பொதுக்கொள்கையாகிவிட்டது. தலித் தலைவர் வந்து உட்காரும் நேரத்தில் பந்தியையே கலைத்துவிட்டு, 'பாருங்கள், யாருக்குமே இலை போடவில்லை, எல்லோரும் சமம்' என்பதுதான் இவர்களது நடுநிலை.

"ஒருவர் படத்தை அனுமதித்தால் ஒவ்வொரு சாதியும் தன் தலைவரின் படத்தோடு வருமே?" என்று கேட்பார்கள். கேள்விக்குள்ளேயே விஷம் இருக்கிறது. அம்பேத்கர் ஒரு சாதியின் தலைவர் என்று முதலில் முடிவு செய்துகொண்டுதான் இதைக் கேட்க முடியும். நேருவைக் காஷ்மீரப் பார்ப்பனர்களின் தலைவர் என்று எந்தப் பாடநூலாவது சொல்கிறதா? காந்தியைப் பனியாக்களின் தலைவர் என்று யாராவது அறிமுகப்படுத்துகிறார்களா? அவர்களுக்குச் சாதி இருந்தது, அடைமொழி இல்லை. சாதியைச் சொல்லாமல் அழைக்கப்படும் சலுகைக்குத்தான் இந்த நாட்டில் 'தேசியத் தலைவர்' என்று பெயர். வள்ளுவர் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு, அந்தச் சட்டத்தின்படி நடக்கும் நீதிமன்றத்தின் சுவரில் இடம் கேட்பது எப்படிச் சாதிக் கோரிக்கையாகும்?

செயலை வைத்தே அளப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர் எந்தச் சாதியாகவும் இருக்கட்டும். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டதே, அப்போது நாம் காத்து நின்றது அந்த எட்டு மணி நேரத்தைத்தான். 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்ததற்கு இந்துப் பெண்களின் சொத்துரிமை, மணவிலக்கு உரிமைக்கான சட்டம் முடக்கப்பட்டது ஒரு காரணம். பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையத்தை நேரு அரசு அமைக்காதது இன்னொரு காரணம். பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்து அம்பேத்கர் சிலைமீது கல்லெறியும் தம்பி, தன் உரிமைக்காகப் பதவி துறந்தவர்மீது எறிகிறான்.

ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோசலிச மாதிரியான சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அது வரலாறாயிற்று, மேடையில் இருந்தவர்கள் தேசியத் தலைவர்கள் ஆனார்கள். முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசுடைமையாக வேண்டும், அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று 1947இலேயே கேட்டவர் அம்பேத்கர். ஆவடி மாநாட்டுக்கு முந்தைய ஆண்டுதான் பண்டாரா இடைத்தேர்தலில் அதே காங்கிரசிடம் அவர் தோற்றிருந்தார். மறைந்து 34 ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது.

இன்று எல்லாக் கட்சியும் மாலை போடுகிறது. இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, தோழர்களே. முன்பு 'தலித் தலைவர்' என்று சொல்லி வெளியே நிறுத்தினார்கள். இப்போது 'தேசியத் தலைவர்' என்று உள்ளே அழைத்து வாயைக் கட்டுகிறார்கள். சாதி ஒழிப்பைப் பேசாத, இந்து மதத்தைவிட்டு வெளியேறாத ஓர் அம்பேத்கரைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு எந்தச் சுவரிலும் இடம் கிடைக்கும்.

நாம் கேட்பது அந்த இடமல்ல. யாருடைய சான்றிதழுக்காகவும் அண்ணல் காத்திருக்கவில்லை. சாதிகளாகப் பிளந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியோடு அவரை ஏற்க முடியாதவர்கள், தேசியத் தலைவர்களின் பட்டியல் எழுதும் தகுதியை முதலில் சம்பாதிக்கட்டும். கூண்டு அவர் சிலையைச் சுற்றி நிற்கிறது. அதற்குள் அடைபட்டுக் கிடப்பது உங்கள் தேசம்தான்.