கோப்பை கழுவாதவர்களின் பழமை மோகம்

ரொறன்ரோவில் வீடு திருத்துகிற ஆட்களிடம் வாயைக் கொடுத்தால் இப்ப ‘ரெட்ரோ குசினி’ கதைதான். மெல்லிய பச்சையில் அலுமாரி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நிலம், குரோம் பூசிய கைப்பிடி. 1950களின் அமெரிக்க விளம்பரங்களில் வருகிற குசினி மாதிரி. கட்டுங்கோ, வீடும் உங்கட, காசும் உங்கட. ஆனால் கோப்பை கழுவுகிற மெஷினும் அந்தக் காலத்து ஒறிஜினலாக இருக்கவேணும் என்று பழைய சாமான் கடை கடையாகத் தேடித் திரிகிறார்களே, அங்கேதான் எனக்கு விசர் வருகிறது.

ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்று வயிறு கழுவுகிறவன் நான். இதைப் பற்றிக் கதைக்க எனக்கு அந்தத் தகுதி போதும்.

பழைய காஸ் அடுப்பு ஒன்றைத் திருத்திப் பூட்டுங்கோ, வாயே திறக்கமாட்டேன். நெருப்பு அன்றைக்கும் நெருப்புத்தான், இன்றைக்கும் நெருப்புத்தான். கோப்பை மெஷின் அப்படியில்லை. தண்ணி, சூடு, சவுக்காரத் தூள், மெஷின் நாலும் ஒத்துப்போனால்தான் கோப்பை வெளுக்கும். இதில் தூள் மாறிப்போச்சு. அந்தக் காலத்து மெஷின்கள் பொஸ்பேற் நிறைய இருந்த தூளை நம்பிச் செய்யப்பட்டவை. பொஸ்பேற் ஏரிகளில் பாசியை வளர்க்கிறதென்று, 2010 யூலையிலிருந்து கனடாவில் வீட்டு மெஷின் தூளில் பொஸ்பரஸ் 0.5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. இப்ப கடையில் இருக்கிற தூளும் குளிசையும் பெரும்பாலும் என்சைமை நம்பி வேலை செய்பவை. என்சைமுக்கு ஊற நேரம் வேணும். புது மெஷின் இரண்டு மணித்தியாலம் ஓடுகிறது என்று புறுபுறுக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய மெஷினுக்குள் புதுத் தூளைப் போட்டால் என்ன நடக்கும்? கிளாசில் வெள்ளைப் படலம், கோப்பை விளிம்பில் காய்ந்த கறி. பிறகென்ன, சிங்கில் ஒருக்காக் கழுவி உள்ளே வைத்து, வெளியே எடுத்து இன்னொருக்காத் துடைக்கவேணும். அதற்கு மெஷின் எதற்கு?

தண்ணிக் கணக்கையும் பாருங்கோ. அந்தக் காலத்து மெஷின்கள் ஒரு தடவைக்கு 40 லீற்றருக்கு மேல் குடித்தன. இன்றைய நல்ல மெஷின் 12, 13 லீற்றரோடு முடிக்கிறது. கதவு ரப்பர் அறுபது வருசத்தில் காய்ந்து வெடித்திருக்கும், அதே அளவில் இன்னொன்று கிடைப்பது அருமை. எர்த் வயர் இல்லாத பழைய பிளக்கும் ஈரத் தரையும் சேர்ந்தால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“அந்தக் காலத்துச் சாமான் இரும்பு, இப்ப வாறது எல்லாம் பிளாஸ்ரிக்” என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பழைய மெஷினை ஒரு ஸ்குரூ டிரைவரோடு கழற்றிப் பூட்டலாம். புதியதில் ஒரு சின்ன சேர்க்கிட் போர்ட் போனால் முழு மெஷினும் குப்பைக்குப் போகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு வழி 1955க்குத் திரும்பிப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து கோப்பை மெஷின்களின் உதிரிப்பாகங்களை, சாமானைப் பொறுத்து 7 அல்லது 10 வருசத்துக்கு வைத்திருக்கவேணும் என்று விதி இருக்கிறது. கியூபெக்கிலும் 2023இல் திருத்திப் பாவிக்கிற உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒன்ராறியோவிலும் அதைக் கேளுங்கோ. கேட்பதற்குப் பஞ்சிப்பட்டு, பழைய இரும்பைத் தடவிக்கொண்டிருப்பது போராட்டம் ஆகாது.

இந்த மெஷின் பிறந்த கதையையும் கேளுங்கோ. அமெரிக்காவின் இலினோயில் ஜோசஃபின் கொக்ரேன் என்ற வசதியான பெண்மணி இருந்தார். அவருடைய பரம்பரைப் பீங்கான் கோப்பைகளை வேலைக்காரர் கழுவும்போது விளிம்பு உடைந்ததாம். அதனால்தான் மெஷின் செய்ய நினைத்தார் என்று சொல்வார்கள். 1886இல் காப்புரிமை எடுத்தார், 1893 சிக்காகோக் கண்காட்சியில் காட்டினார். முதலில் வாங்கியவை ஹோட்டல்கள். 1926இல் அவருடைய கொம்பனியை ஹோபார்ட் வாங்கியது. வீடுகளுக்கென்று அவர்களின் கிச்சன்எய்ட் மெஷின் வந்தது 1949இல். நான் வேலை செய்கிற இடத்து மெஷினிலும் ஹோபார்ட் என்றுதான் பேர்.

முதலில் காப்பாற்ற நினைத்தது கோப்பையை, கழுவுகிறவளின் கையை இல்லை. கைக்கு ஆறுதல் வர அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் எடுத்தது. இப்ப ரெட்ரோக்காரர் திரும்பவும் அதையே செய்கிறார்கள். குசினியின் அழகைக் காப்பாற்றுகிறார்கள், கையைக் கைவிடுகிறார்கள்.

எங்கட சனத்துக்கும் ஒன்று சொல்லவேணும். மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் வீடு வாங்கி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பூட்டிய மெஷின் எத்தனை வீடுகளில் சட்டி அடுக்கி வைக்கிற அலுமாரியாகக் கிடக்கிறது! “கையால கழுவினால்தான் துப்பரவு” என்பார்கள். ஆற்ற கையால? கடையில் சம்பளத்துக்கு எட்டு மணித்தியாலம் கோப்பை கழுவுகிற எங்கட ஆம்பிளையள், வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூடச் சிங்கில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மிச்சம் மனிசியின்ர கை.

ரெட்ரோதான் வேணுமென்றால் வழி இருக்கிறது. உள்ளே புது மெஷினை வையுங்கோ. அலுமாரிக் கதவு மாதிரியே முன்பலகை பூட்டுகிற மாடல்கள் விற்கிறார்கள். உங்கட பச்சையை அதில் அடியுங்கோ, குரோம் கைப்பிடியையும் போடுங்கோ, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. வாங்க முதல் உதிரிப்பாகம் எத்தனை வருசம் கிடைக்கும் என்று கேளுங்கோ. எங்கட பெரிய குழம்புச் சட்டி கீழ்த் தட்டில் நிற்குமா என்று அளந்து பாருங்கோ.

அதுக்கும் முதல் ஒரு கிழமை, மூன்று நேரமும், வீட்டுச் சட்டிபானை முழுவதையும் நீங்களே கையால் கழுவுங்கோ. அதற்குப் பிறகும் 1955 மெஷின்தான் வேணும் என்று நிற்கிற ஒருத்தரை எனக்குக் காட்டுங்கோ பார்ப்பம்.