48 மணி நேரத்துக்கு அப்பால்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் சாலைகளில் விபத்தில் சிக்கும் தொழிலாளியின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் குறிப்பிட்ட வரம்புவரை ஏற்பது பாராட்டத்தக்கதே. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து உயிரோடு வீடு திரும்புபவர் எல்லாரும் நலம் பெற்றவர் அல்லர். செயற்கைச் சுவாசத்தில் பல நாள் கிடந்தவருக்குத் தசை கரைவதும், நினைவு மங்குவதும், உறக்கத்தில் திடுக்கிட்டு எழுவதும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும். இவற்றை மருத்துவர்கள் ‘தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுதி’ என ஒன்றாக வகைப்படுத்துகின்றனர். ஷிஃப்ட் முழுதும் கன்வேயர் முன் நின்று திருகு முடுக்கிய கை, தண்ணீர்ச் செம்பைத் தூக்கவே நடுங்கும். பணிசார் விபத்து என ஏற்கப்பட்டால், வேலை செய்ய இயலாத காலம் முழுதும் இ.எஸ்.ஐ. கூலியில் 90 விழுக்காடு தருகிறது. கடும் நிமோனியா போன்ற நோயால் படுத்தவருக்கோ பொதுவாக ஆண்டுக்கு 91 நாள், அதுவும் 70 விழுக்காடுதான். தளர்ந்த தசைக்கு இந்த வேறுபாடு தெரியாது. வீடு தேடி இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஏற்கெனவே இயங்குகையில், டிஸ்சார்ஜ் விவரம் நேரே அதன் பணியாளரைச் சென்றடையச் செய்வதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளி வாடகை அறையைக் காலிசெய்து சொந்த ஊருக்குப் போய்விடுவதற்குள் அது நடக்க வேண்டும்.