நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும்

தில்லியில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் ஊரிலிருந்து பெற்றோர் வந்து சில திங்கள் தங்கிச் செல்வது வழக்கம். வந்த இடத்தில் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கண்டு அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரிடுவதும் உண்டு. அவ்வேளையில் டாக்டர் கைராசிக்காரரா, கட்டணம் எவ்வளவு ஆகும் என்றெல்லாம் பலரிடம் விசாரிக்கிறோம். ஆனால் கட்டிலருகே மருந்து கொண்டு வருபவரிடம், “இது என்ன மருந்து?” என்று ஒரு சொல் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணத்தைக் களைய வேண்டும் என்பதே இத்திங்கள் நான் கூற விரும்புவது.

ஒரு மாத்திரை நோயாளியின் வாயை அடையுமுன் பல கைகளைக் கடக்கிறது. டாக்டர் எழுதுகிறார், மற்றொருவர் அதனைப் படித்துப் பதிவு செய்கிறார், மருந்தாளர் எடுத்துக் கொடுக்கிறார், நர்ஸ் அளந்து தருகிறார். இவர்களுள் எவரும் தீய எண்ணம் உடையவர் அல்லர். களைப்பும் அவசரமும் தெளிவற்ற கையெழுத்துமே பிழைக்குக் காரணமாகின்றன. இஃது உலகெங்கும் உள்ள குறை. ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனம் 2017ஆம் ஆண்டில், மருந்தினால் விளையும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் நாள் கொண்டாடப்பெறும் நோயாளர் பாதுகாப்பு நாளுக்கும், 2022இல் இதனையே பொருளாக அமைத்தது.

எல்லோர்க்கும் பொதுவான இத்தொல்லையோடு, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று இரண்டு தொல்லைகள் கூடுதலாக உள்ளன.

முதலாவது, நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரில் முதலெழுத்தே உண்டு. இங்குள்ள படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. சு. இராமசாமி என்பவர் அங்கே ‘இராமசாமி சுப்பிரமணியம்’ ஆகிவிடுகிறார். நர்ஸ் வந்து, “சுப்பிரமணியம்ஜி!” என்று அழைத்தால், காலஞ்சென்ற தம் தந்தையின் பெயரைக் கேட்ட பெரியவர் திகைக்கிறார், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று தலையசைத்து விடுகிறார். உண்மையான சுப்பிரமணியம் ஒருவர் அதே வார்டில் படுத்திருந்தால் என்ன ஆகும்? ஆகவே சேர்க்கும்போதே, பதிவேட்டிலும் கைப்பட்டையிலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று பார்த்து, அப்பெயரை நோயாளிக்குச் சொல்லி வைக்க வேண்டும். பெயரோடு பதிவு எண்ணையோ பிறந்த தேதியையோ ஒத்துப் பார்க்கும்படி நர்ஸையும் கேட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது, மொழி. இந்தியில் ‘கல்’ என்னும் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கொண்டே பொருள் தெளிய வேண்டும். அரைகுறையாக இந்தி அறிந்த நம் தாய்மார் காதில் ‘கல்’ மட்டுமே விழுகிறது. நேற்று மாத்திரை சாப்பிட்டீர்களா என்பது வினா. நாளைக்குச் சாப்பிட வேண்டுமா என்று எண்ணி, “ஆம்” என்பது விடை. ஆகவே மொழி அறிந்த ஒருவர் டாக்டர் வார்டைச் சுற்றி வரும் நேரத்திலேனும் உடனிருத்தல் நலம்.

இனி மருந்தின் பெயரைக் காண்போம். ஒரே மருந்து பல கம்பெனிகளால் பல பெயர்களில் விற்கப்படுகிறது. இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் ஒரு கடையில் அம்லாங், மற்றொரு கடையில் ஸ்டாம்லோ. ஊரில் வாங்கியதைப் பையில் வைத்துக்கொண்டு அதனையும் விழுங்கி, ஆஸ்பத்திரியில் தருவதையும் விழுங்கினால், ஒரே மருந்து இரு மடங்காகி இரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். பெயர் வேறாயினும் மருந்து ஒன்றாவது இப்படி. மருந்து வேறாயினும் பெயர் ஒலியால் ஒத்திருப்பதும் உண்டு. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்னும் இரு மலேரியா மருந்துகளின் பெயர் பற்றிய வழக்கில், 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மருந்துப் பெயர்க் குழப்பம் உயிருக்கே ஆபத்தாக முடியுமாதலால், அதனை ஏனைய சரக்குகளைவிடக் கடுமையாக ஆராய வேண்டும் என்றது. மூலப் பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் டாக்டர்களைப் பணித்தது. ஆதலின் சீட்டைப் படிக்க முடியவில்லையெனில், மீண்டும் எழுதித் தரக் கேட்பது நம் உரிமை.

அளவில் நேரும் பிழை இன்னும் கொடியது. இன்சுலின் சீசாக்களில் 1 மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்டவையும் உண்டு, 100 யூனிட் கொண்டவையும் உண்டு. ஊசிகளும் அவ்வாறே இரு வகை: 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்குரிய ஊசியில் 20ஆம் கோடு வரை ஏற்றினால், உடலில் சேர்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். வெளிக் கடையில் ஊசி வாங்கிவரும்படி நம்மையே அனுப்பும் ஆஸ்பத்திரிகள் பல. சீசாவில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். முடக்குவாதத்திற்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. அதனை நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உளர். எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குதல் வேண்டும்.

நான் பணிபுரியும் ரயில்வேயில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. வண்டி போக்குவரத்துப் பற்றித் தொலைபேசியில் ஒரு நிலையத்தார் சொன்ன செய்தியை, மற்ற நிலையத்தார் எழுதிக்கொண்டு திருப்பி வாசிப்பர். பிரைவேட் நம்பர் பெற்று உறுதி செய்வர். நாற்பதாண்டு அனுபவம் வாய்ந்த நிலைய அதிபரும், “என்னை நம்பவில்லையா?” என்று சினப்பதில்லை. திருப்பிச் சொல்வது அவமதிப்பு அன்று, அதுவே பாதுகாப்பு. கட்டிலருகிலும் அவ்வாறே, “சிஸ்டர், இது இன்ன மருந்து, இத்தனை மில்லி கிராம், இன்னாருக்கு, சரிதானே?” என்று பணிவாகத் திருப்பிச் சொல்லலாம். நல்ல நர்ஸ் அதனை வரவேற்பார்.

வீடுதோறும் ஒரு தாள் எழுதி வைப்போம். பெரியவர் உண்ணும் மருந்துகளின் மூலப் பெயர், அளவு, வேளை, ஒவ்வாத மருந்துகள் இவ்வளவும் அதில் இருக்கட்டும். நாட்டு மருந்து உட்கொண்டால் அதனையும் மறைக்காமல் எழுதுக. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால், அவை இன்னவை என்று டாக்டருக்கும் தெரியாது. வீடு திரும்பும் நாளில், பழைய மருந்துகளுள் எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்று கேட்டுக் குறித்துக் கொள்க.

மருந்து உண்டபின் தடிப்போ மயக்கமோ மூச்சு முட்டலோ கண்டால், உடனே நர்ஸை அழையுங்கள்; அட்டையையும் சீசாவையும் எறிந்துவிடாதீர்கள். மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய, நமக்கு அண்மையிலுள்ள காஜியாபாத்தில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் ஓர் அமைப்பை நடத்துகிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்களுக்குரிய படிவம் தமிழிலும் உண்டு.

நம்மை நம்பி மொழி தெரியாத ஊருக்கு வந்த பெற்றோருக்கு, அந்த வார்டில் நாவும் செவியும் நாமே. கூச்சத்தை விட்டுக் கேட்போமாக.