அழுகண்ணியின் உறவுக்காரி

கல்பாக்கத்து அணுசக்தித் துறையினருக்காக எழுந்த குடியிருப்புக்கு ‘அணுபுரம்’ என்று பெயரிட்டார்கள். தயக்கமின்றிச் சூட்டப்பட்ட புதுப்பெயர், நமக்குப் பிடித்ததும்கூட. அந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் மாணவர்களிடம் பூச்சியுண்ணும் செடி எதுவென்று கேட்டால் ‘நெப்பந்தஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘குடுவைத் தாவரம்’ என்பதும் தெரிந்திருக்கிறது. அடுத்த பெயராக ‘ட்ரோசிரா’ வருகிறது. அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் மௌனம். இந்த மௌனம்தான் நம்மை உறுத்துகிறது.

குடுவைச் செடி நமக்குத் தொலைவான செடி. இந்தியாவில் அதன் ஒரே இனம் மேகாலய மலைகளில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. இலை நுனி கொடியாக நீண்டு, மூடி வைத்த குடுவையாக முடிகிறது. வழுக்கும் விளிம்பில் கால் வைத்த பூச்சி உள்ளிருக்கும் நீரில் விழுந்து செரிமானமாகிறது. தழைச்சத்துக்கு வழியற்ற மண்ணில் செடி கண்டுகொண்ட பிழைப்பு அது. காரோ மக்கள் அதனை ‘மேமாங் கோக்சி’, அதாவது பேயின் கூடை, என்கிறார்கள். இலங்கை மழைக்காடுகளில் உள்ள இனத்துக்குச் சிங்களத்தில் ‘பாந்துரா’ என்று பெயர். 150க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில், உதிரும் சருகைக் குடுவையில் ஏந்திப் பெருமளவு அதிலேயே சத்தெடுக்கும் ஓர் அரைச் சைவமும் உண்டு!

‘நெப்பந்தஸ்’ என்பது அறிவியல் ஆய்வகத்தில் பிறந்த சொல்லன்று. ஹோமரின் ‘ஒடிசி’யில் ஹெலன் மதுவில் கலந்து கொடுக்கும், துயர் மறக்கச் செய்யும் மருந்தின் பெயர் அது. 1737இல் லின்னேயஸ் அதனை எடுத்து இச்செடிக்குச் சூட்டினார். காவியத்திலிருந்து பெயரெடுக்க அவர் கூச்சப்படவில்லை.

இனி ட்ரோசிராவுக்கு வருவோம். இலையெங்கும் மெல்லிய மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் பிசுபிசுத்த ஒரு துளி. தாவரவியலார் இதனையும் குடுவைச் செடியையும் ஒரே வரிசையில், நெருங்கிய உறவுகளாக வைக்கிறார்கள். (நம் முளைக்கீரையும் காகிதப்பூவும் அதே வரிசையில் சற்றே தூரத்துச் சொந்தம்.) இச்செடி தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே வளர்கிறது. சித்த மருத்துவ மரபில் இதற்கு வழங்கும் பெயர் ‘அழுகண்ணி’. அழும் கண்ணை உடையவள்! துயர் மறக்கச் செய்பவளுக்கு அழுகிறவள் உறவு. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமல் வைத்த பெயர்கள் இவை.

மூலிகைப் பெயர்கள் வழுக்கும், ஒரே பெயர் இரண்டு மூன்று செடிகளுக்கும் வழங்கும், ஆகவே பாடநூலுக்கு உதவாது என்பார்கள். உண்மைதான், அழுகண்ணிக்கும் அந்தக் குழப்பம் உண்டு. ஆனால் இலத்தீன் பெயரை அருகிலேயே எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. தமிழ்ப் பெயரை அடியோடு விட்டுவிட அது காரணமாகாது. இன்று அந்தச் சொல் கற்ப மூலிகைப் பட்டியல்களில்தான் பிழைத்திருக்கிறது. செடியை வேரோடு பிடுங்குகிறவர் அதன் பெயரை அறிவார். படிக்கிற பிள்ளை அறியாது. இந்த ஏற்பாடு நமக்கு நியாயமாகப் படவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஈரத் தரிசுகள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. சர்வே எண் போட்ட நிலத்தைப் ‘புல் முளைத்த பொட்டல்’ என்று விற்பது எளிது. அதில் அழுகண்ணி இருக்கிறாள் என்று சொல்ல ஒருவராவது வேண்டும். மழை ஓய்ந்த மார்கழிக் காலையில், நீர் வடிந்த மணற்பாங்கான தரையில், குனிந்து தேட வேண்டும். செடி ஒரு ரூபாய்க் காசளவுதான் இருக்கும், செந்நிறம்.