பானை செஞ்சா போதுமா? யாருக்குன்னு கேளுங்க!



தை பிறக்கப் போகிறது. வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் சின்ன வகுப்புகளில் கைவேலை நடக்கும். கலர் பேப்பரில் பொங்கல் பானை, கரும்பு, சூரியன், மாடு. எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நூல் கட்டித் தொங்கவிடுவோம். லீவு முடிந்து வந்தால் அதன்மேல் தூசி! பொங்கல் நன்றி சொல்லும் திருநாள் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் காகிதப் பானையால் யாருக்காவது நன்றி போய்ச் சேர்ந்ததா? இதுதான் என் கேள்வி.

"தேங்க்ஸ் சொல்லு" என்றால் குழந்தை உடனே சொல்லிவிடும். அது வாய்ப்பாடு மாதிரி. திருக்குறளின் 11-ம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அறிதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் என்ன செய்தார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அப்புறம்தான் நன்றி.

நம்ம பக்கத்தில் இது கொஞ்சம் கஷ்டம். முன்பெல்லாம் நாற்று நடுவதையும் கதிர் அறுப்பதையும் பிள்ளைகள் வரப்பில் நின்றே பார்த்தார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலை திறந்தார்கள். இன்று ரோடு பூரா கம்பெனி பஸ். உழைக்கிற கைகள் மதில் சுவருக்கு உள்ளே இருக்கின்றன. நைட் ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குவார். "சத்தம் போடாதே" என்பது மட்டும்தான் பிள்ளைக்குத் தெரியும். ராத்திரி முழுக்க அவர் கண்விழித்து உழைத்தது எப்படித் தெரியும்? ஆயுத பூஜையன்று மெஷினுக்குக்கூட சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மெஷினை ஓட்டுகிற மனுஷருக்கு?

அதனால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "நேத்து எழுந்ததிலிருந்து உனக்கு யார் யார் என்ன செஞ்சாங்க?"

முதல் பதில் சாப்பாட்டில் வரும். 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் ஆரம்பமானது. கிராமத்துப் பள்ளிகளில் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள். விடியற்காலையில் அவர்கள் அடுப்பு மூட்டினால்தான் வகுப்பு தொடங்கும் முன் தட்டில் உப்புமா. அப்புறம் பெருக்குகிற ஆயா, பஸ் ஓட்டுகிற அண்ணன், தூங்குகிற அப்பா என்று வரிசையாக வருவார்கள்.

இனி கைவேலை. செலவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகையை இரண்டாக மடிக்கணும். மடிப்பை மட்டும் விட்டுவிட்டுப் பானை வடிவில் வெட்டினால் திறந்து மூடும் வாழ்த்து அட்டை ரெடி. வெளியே மஞ்சள் கொத்தும் கோலமும் வரையலாம். உள்ளே இரண்டு விஷயம் கட்டாயம்: யாருக்கு, எதுக்கு. "சாம்பார் ஊத்துன அக்காவுக்கு" என்றால் போதும். எழுத வராதவர்கள் படம் போடட்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் அவங்க மொழியிலேயே சொல்லட்டும். அவங்க அப்பா அம்மாவும் இங்கேதானே உழைக்கிறாங்க!

அந்த அட்டையைச் சுவரில் ஒட்டக் கூடாது. குழந்தை தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெட்டி, ஒட்டி, கலர் அடிக்கிற அரை மணி நேரமும் மனசில் அந்த ஆளே இருப்பார். கொடுக்கும்போது அவர் முகம் மலர்வதைப் பிள்ளை பார்க்கும். எந்தப் பாடமும் இப்படிப் பதியாது.

"போர்ஷனே முடியல, இதுக்கு ஏது நேரம்?" என்பார்கள். பானைக்கு ஒதுக்கிய அதே பீரியட் போதும். இன்னொன்று, "உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க பாரு" என்று குத்திக்காட்ட வேண்டாம். பயந்து சொல்வது நன்றி ஆகாது. யாருக்கு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வாசலில் காவல் படுக்கும் தெருநாய்க்குச் செய்தாலும் சரிதான்!

பெரிய வகுப்பு மாணவர்களான நாமும் வெட்ட, மடிக்க உதவலாமே. லீவு விடுவதற்குள் எல்லா அட்டையும் உரியவர் கையில் சேரட்டும்.

பொங்கலோ பொங்கல்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி